எதுகைக்காகப் போட்ட வரி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொல்ல வந்ததை நீ பாதியிலேயே சிரித்து மூடிவிட்டாய். "போம்மா, அது காமெடிம்மா. மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்கும் பாரு" என்றாய். சரி வை என்று வைத்துவிட்டேன். பேசினால் நீ நடுவில் சிரிப்பாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று நீ நினைக்கலாம். உண்மையில் இப்போதைக்கு எனக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை. உன் அப்பா இதைப் படித்தாலும் படிக்கட்டும், ஊரே படித்தாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். உன் கல்யாண வரவேற்பில் உன் அப்பாவும் மாதையன் மாமாவும் ஒரே மேடையில் நின்று, பிரிந்திருந்த காலத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக் கட்டிய பாட்டுகளைப் பாட வேண்டும் என்று நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். யாரோ ஒரு பழைய கேசட்டிலிருந்து எடுத்து உன் போனுக்கு அனுப்பினார்களாம். உன் சிநேகிதர்கள் கேட்டுவிட்டு, செம என்றார்களாம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு கிழவர்களும் முன்னறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள். உன் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் விடுவதாக இல்லை. நடுநடுவே காபி கேட்டுக் குரல் வருகிறது. நானும் எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அந்தப் பாட்டுகள் உன் மண்டபத்தில் வேண்டாம். இதுதான் நான் கேட்பது. ஏன் என்பதற்கு நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாலக்கோடு வட்டாரத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவைத் தெரியாதவர்கள் குறைவு. குழுவுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அப்பா பகலில் தக்காளி மண்டியில் ஏலம் கூறுவார். மண்டி முழுக்கக் கேட்கிற அதே தொண்டைதான் மேடையிலும். மாதையன் அண்ணன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆர்மோனியம் அவர்தான், மைக்செட்டும் அவருடையதுதான். தையல்கடை பாஷா பாய் தபேலா. பெண் குரல் நான். ஆமாம் கண்ணு, நான்தான். உன் அம்மா பாடி நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். என் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் கேட்டவர் மாதையன் அண்ணன்தான். "தங்கச்சிய என் பொறுப்புல கூட்டிட்டுப் போறேனுங்க, என் பொறுப்புல கொண்டாந்து வுடறேனுங்க" என்றார். சொன்னபடியே செய்தார். நான் ஒற்றைப் பெண்ணாகத் தனியாக இருக்கக்கூடாது என்று தன் மனைவி ருக்குவையும் ஒவ்வொரு ஊருக்கும் கூட்டி வருவார். ருக்குவுக்குப் பாட்டு வராது. மேடைக்குப் பின்னால் எனக்குப் பொட்டை நேராக்கி, பூவைச் சரிசெய்து, சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். உன் அப்பாவுக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முடித்ததே அவள்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கச்சேரி பேச வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். குழுவில் யார் கை அதை வாங்கினாலும் குழுவே வாங்கியதாக அர்த்தம். வாங்கிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுப்பது ஊருக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது. ஒரு வருஷம் மாரண்டஹள்ளி மாரியம்மன் பண்டிகைக்காரர்கள் மண்டிக்கே வந்து உன் அப்பாவிடம் தாம்பூலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதே நாளுக்கு, ருக்குவின் பிறந்த ஊரான வத்தல்மலை அடிவாரத்தில் நடக்கிற ஒரு கல்யாணத்துக்கு மாதையன் அண்ணனும் வாங்கி வைத்துவிட்டார். இவரிடம் அவர் கேட்கவில்லை, அவரிடம் இவரும் கேட்கவில்லை. சாயங்காலம் ஒன்றை முடித்துக்கொண்டு ராத்திரி இன்னொன்றுக்குப் போகலாம், வண்டி வைத்தால் ஆகாதா என்று நானும் ருக்குவும் மாறி மாறிச் சொன்னோம். "பொம்பளைங்க இதுல தலையிடாதீங்க" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

மாதையன் அண்ணன் ஆர்மோனியத்தையும் மைக்செட்டையும் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேர் வாடகை மைக்கோடு மாரண்டஹள்ளி மேடையில் நின்றோம். சுதி சேர்க்க ஆள் இல்லை. இரண்டு பாட்டிலேயே கூட்டம் நெளிய ஆரம்பித்தது. உன் அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. பாஷா பாயிடம் தாளத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி ஒன்றை எடுத்துவிட்டார்.

"பெட்டியத் தூக்கிட்டுப் போனான் ஒருத்தன்,
பாட்டத் தூக்கிட்டுப் போக முடியலே!"

எழுந்துபோய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பி உட்கார்ந்தது. விசில் பறந்தது. திரும்பத் திரும்பப் பாடச் சொன்னார்கள். அத்தனை வருஷம் ஒழுங்காகப் பாடியதற்கு வராத கைதட்டல், ஒரு மனுஷனைத் திட்டியதற்கு வந்தது. அன்றைக்கு அந்த ஊர் மட்டும் பேசாமல் எழுந்துபோயிருந்தால், மறுநாள் காலையில் உன் அப்பா மாதையன் அண்ணன் கடைக்குப் போய் ஒரு டீயோடு சண்டையை முடித்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும். ஆனால் கைதட்டல் விழுந்துவிட்டதே, இனி கோபத்தை எப்படி விடுவது?

மாதையன் அண்ணன் சும்மா இருப்பாரா? வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தனிக்குழு தொடங்கினார். அடுத்த பண்டிகையிலேயே பதில் வந்தது.

"தொண்டை இருக்குதுன்னு துள்ளுற சேவலே,
சுதி சேக்க ஆளில்லாம கூவுற கூவலே!"

நல்ல பாட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். நானே அடுப்படியில் ஒரு தரம் சிரித்தேன். இதோடு நின்றிருந்தால் நீ இன்றைக்கு மண்டபத்தில் போடு, நானும் உன்னோடு உட்கார்ந்து சிரிப்பேன். நிற்கவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி ரெண்டுபட்டான், ஊருக்குக் கொண்டாட்டம். விழாக் கமிட்டிகள் இரண்டு குழுவையும் ஒரே நாளில் கூப்பிட்டு எதிரும் புதிருமாக மேடை போட்டார்கள். யாரோ டேப்பில் பிடித்து, கேசட்டுக்குக் கேசட் ஏற்றி, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஓசூர் பஸ்ஸிலும் ஓடவிட்டார்கள். மற்ற பாட்டுகளை யாரும் கேட்கவே இல்லை. நான் இரண்டு மணி நேரம் பாடுவேன், கூட்டம் பேசிக்கொண்டே இருக்கும். உன் அப்பா மைக்கைப் பிடித்ததும் எல்லாரும் வாயை மூடுவார்கள். ஆர்மோனியத்தைத் திட்டி, குரலைத் திட்டி, கடையைத் திட்டி, மண்டியைத் திட்டி முடிந்துபோனது. திட்ட வேறு சரக்கு வேண்டுமே. அப்போதுதான் இரண்டு பேருக்கும் பெண்டாட்டிகள் இருப்பது ஞாபகம் வந்தது.

பாலக்கோட்டில் எதிரெதிர் மேடை. நான் ஐந்து மாசம். சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு பாடிவிட்டு உட்கார்ந்தேன். எதிர் மேடையில் மாதையன் அண்ணன் எடுத்தார்.

"வயித்துல ஒண்ணு, வாயில பாட்டு,
வூட்டுச் சாவி யாருகிட்ட? கேட்டுச் சொல்லு கேட்டு!"

இதுதான் உன் போனில் இருக்கிற பாட்டு. உன் சிநேகிதர்கள் செம என்று சொன்ன பாட்டு. அதில் வருகிற 'ஒண்ணு' நீதான் கண்ணு. உன் வரவேற்பில் உன்னை மாலையும் கழுத்துமாக நிற்க வைத்துக்கொண்டு உன்னைத்தான் பாடப்போகிறார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டம் முழுக்க என் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. ஆம்பளைகள் சிரித்தார்கள், பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அப்பாவிடம் பொறுப்பேற்று என்னைக் கூட்டி வந்த அண்ணன் அங்கே நின்று அடுத்த வரியைப் பாடிக்கொண்டிருந்தார். ருக்கு எதிர் மேடைக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அவமானம் கூட்டத்தோடு போயிருக்கும். வீட்டுக்குள் வந்ததுதான் போகவில்லை. உன் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "அவன் யார மனசுல வெச்சி இத எழுதினான்?"

நான் முதலில் புரியாமல் நின்றேன். புரிந்ததும், "அவரு பாட்டுக்கு எதுகை வேணும்னு எழுதியிருப்பாருங்க. பாட்டு, கேட்டு. வேற என்ன?" என்றேன்.

"நெருப்பில்லாம பொகையுமா?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வியை மறக்கத் தெரியவில்லை. எத்தனை மேடையில் என் பக்கத்தில் நின்ற மனுஷன். என் மூச்சு எங்கே திரும்பும் என்று தெரிந்து தன் வரியை நிறுத்துகிறவர். அவருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை ஒரு எதுகைக்குத் தாங்கவில்லை.

பதிலுக்கு அவர் ஒரு பாட்டு எழுதினார். மாதையன் அண்ணனுக்கும் ருக்குவுக்கும் குழந்தை இல்லை. அதற்காக அவள் ஏறாத மலை இல்லை, சுற்றாத கோயில் இல்லை. அதைத்தான் எழுதினார்.

"தொட்டில் கட்ட உத்திரம் இருக்கு, புள்ள எங்கே அண்ணே?
ஊருக்கெல்லாம் பாட்டு குடுத்தே, உன் வூடு ஊமை அண்ணே!"

"இத நீ பாடு. பொம்பளைக் குரல்ல பாடினாத்தான் ஏறும்" என்று என்னிடம் நீட்டினார். நான் மாட்டேன் என்றேன். என்ன சொல்லியும் மாட்டேன் என்றேன். ருக்கு எனக்கு வைத்துவிட்ட பொட்டோடு அவளை மலடி என்று பாட எனக்கு வாய் வருமா? உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவனச் சொன்னா உனக்கு எதுக்கு வலிக்குது?" என்றார். அவ்வளவுதான், என் பாட்டு அன்றோடு முடிந்தது. சேலத்திலிருந்து வேறு ஒரு பெண்ணைக் கூட்டி வந்து பாட வைத்தார். மறுநாள் பாஷா பாய் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "ருக்கு கூட்டத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போச்சும்மா. சனம் வழி வுட்டுச் சிரிக்குது. இனி நான் இதுக்குத் தாளம் போட மாட்டேன், அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றார். எனக்காகவும் அவளுக்காகவும் குழுவை விட்டுப் போனவர் அவர் ஒருத்தர்தான்.

நீ பிறந்தாய். உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், உன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உன் அப்பாவின் பிள்ளைதான். அந்த மூக்கும் அந்தப் பிடிவாதமும் வேறு யாருடையது? இதைப் பெற்ற மகனுக்கு எழுத வேண்டி வந்ததற்காகவே எனக்கு அந்த இரண்டு பேர்மேலும் வயிறு எரிகிறது. உனக்குத் தாலாட்டுப் பாட நான் வாய் திறந்தால் தெருவில் போகிற பையன்கள் ஜன்னலுக்கு வெளியே "வயித்துல ஒண்ணு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வாயை மூடிக்கொண்டேன். உன்னைத் தட்டித்தான் தூங்க வைத்தேன். என் அம்மாவுக்குப் பாட்டே பிடிக்காது என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தாய், ஞாபகமிருக்கிறதா?

பிறகு ஊரெல்லாம் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். மேடைக் கச்சேரியைக் கேட்க ஆள் இல்லை, திட்டுப் பாட்டையும் கேட்க ஆள் இல்லை. கைதட்டல் நின்றது, இரண்டு பேருடைய கோபமும் கூடவே நின்றது. ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு விசேஷத்தில் பார்த்துக் கட்டிப் பிடித்து அழுதார்களாம். மத்தியானம் இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் வடித்துப் போட்டேன். சாப்பாட்டுக்கு நடுவே ஒருவர் பாட்டை ஒருவர் பாடி இலையில் கை தட்டிச் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்து மாதையன் அண்ணன் சொன்னார்: "அந்தச் சாவி வரி எதுகைக்காகப் போட்டது தங்கச்சி. மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

உன் அப்பா சிரித்தார். "அது எங்களுக்குத் தெரியாதா மச்சான்!" என்றார்.

எங்களுக்காம். வருஷக்கணக்கில் நான் தெருமுனைக் கடைக்குப் போய்வந்தால்கூட யாரோடு பேசினாய் என்று கேட்ட மனுஷன். நான் சொன்னபோது ஏறாத அதே பதில், எழுதினவர் வாயிலிருந்து வந்ததும் ஏறிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லவில்லை. இன்று வரைக்கும் இல்லை. நானும் கேட்கவில்லை, உலை கொதிக்கிறது என்று உள்ளே போனேன். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள், அதனால் எல்லாம் முடிந்தது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எழுதின பாட்டு என்று நீயும் சொல்கிறாய். எடுத்துப் பார் கண்ணு, நன்றாகக் கைதட்டல் வாங்கின இரண்டு பாட்டும் எங்கள் இரண்டு பேர்மேல் எழுதினது. ஒத்திகையிலும் அந்த இரண்டைத்தான் வைத்திருக்கிறார்கள்.

உனக்குப் புத்தி சொல்லும் வயசு எனக்கு இருக்கிறது, கேட்கும் வயசு உனக்குத் தாண்டிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன். சிநேகிதனோடு பிரிய நேர்ந்தால் பிரிந்துவிடு, திட்ட வேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு திட்டு. நாலு பேர் முன்னால் திட்டாதே. நாலு பேர் கை தட்டிவிட்டால் பிறகு உன் கோபம் உன் கையில் இருக்காது. இன்னொன்று. நிச்சயத்தன்றைக்கு உன் சிநேகிதர்களிடம், இவளுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தாயே, எல்லாரும் சிரித்த பிறகுதான் அந்தப் பெண் சிரித்தாள். நீ கவனித்திருக்க மாட்டாய். அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் எனக்குப் பழகியது. உன் வாய்க்கு ஒரு சிரிப்பு வேண்டும் என்பதற்காக அவளை எடுக்காதே.

உன்னோடு போனில் பேசின மறுநாள் பத்திரிகை வைக்க நான் தனியாகவே பஸ் ஏறி ருக்கு வீட்டுக்குப் போனேன். மாதையன் அண்ணன் இங்கே நம் வீட்டில் ஒத்திகையில் இருந்தார். இத்தனை வருஷத்தில் அவள் நம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வந்ததில்லை, நானும் போனதில்லை. வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாக்கா, உக்காரு" என்று முந்தாநாள் பார்த்தவள் மாதிரிச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பத்திரிகையை வாங்கி உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீ வரணும் ருக்கு. முன்னாடி வரிசையில என் பக்கத்துல உக்காரணும்" என்றேன்.

"அவரு சொன்னாரு. பாட்டெல்லாம் இருக்குதாமே."

"இருக்காது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "நீயும் நானும் சொல்லி அன்னிக்கு யாருக்கா கேட்டாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பத்திரிகையை மறுபடி பார்த்துக்கொண்டே, "உன் மகனாவது கேப்பானா?" என்றாள்.

கேப்பான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நீ போனில் சிரித்த சிரிப்பு காதில் இருந்தது. பெற்று, வளர்த்து, படிக்க வைத்து, இன்னொருத்தி கையில் பிடித்துக் கொடுக்கப்போகிற மகனைப் பற்றி, என் பேச்சைக் கேட்பான் என்று ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. "கேட்டுப் பாக்கறேன்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். "அப்ப கேட்டுட்டு வந்து சொல்லுக்கா. கேப்பான்னா நான் மொத ஆளா வர்றேன்" என்றாள்.

வியாழக்கிழமை நான் அந்தப் பக்கம் போகிறேன். அவளிடம் என்ன சொல்லட்டும்?

அம்மா